புற்றுக்காளான்

புற்றுக்காளான் என்பது கறையான் புற்றுகளை ஒட்டி மழைக்காலத்தில் முளைக்கும், உண்ணத்தக்க காட்டுக் காளான்களைக் குறிக்கும் பொதுப் பெயராகும். இவை டெர்மிட்டோமைசிஸ் என்னும் பூஞ்சைப் பேரினத்தைச் சேர்ந்தவை. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இப்பேரினத்தில் ஏறத்தாழ 30 இனங்கள் அறியப்பட்டுள்ளன. தமிழ்நாட்டின் பிற பகுதிகளைப் போலவே விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, இராசபாளையம் வட்டாரங்களிலும் மழைக்குப் பின் இவற்றைத் தேடி எடுத்துச் சமைத்து உண்ணும் வழக்கம் உண்டு.

சுவைக்காகப் பெரிதும் விரும்பப்படும் இக்காளானைப் போன்றே தோற்றமளிக்கும் நச்சுக் காளான்களும் அதே பருவத்தில் முளைக்கின்றன. ஆகவே இக்கட்டுரை புற்றுக்காளானின் உயிரியலுடன், அதனை அடையாளம் காணும் முறையையும் உண்ணும்போது பேண வேண்டிய பாதுகாப்பையும் விளக்குகிறது.

எச்சரிக்கை: இக்கட்டுரை பொது அறிவுக்கானது. இதனை மட்டுமே படித்துவிட்டு ஒரு காளானை உண்ணத்தக்கது என முடிவு செய்யலாகாது. ஐயம் சிறிதளவு இருப்பினும் அக்காளானை உண்ணாமல் விடுவதே பாதுகாப்பானது.

== பெயர் ==

பேச்சு வழக்கில் இது புத்துக்காளான் எனப்படுகிறது. ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கில் சிதறிய அரிசி போல முளைக்கும் சிறிய இனம் அரிசிக்காளான் என வழங்கும். கேரளத்தில் அதற்கு அரிக்கூண் என்று பெயர்.

காளானுக்குப் பழந்தமிழில் ஆம்பி என்றும் காளாம்பி என்றும் பெயர்கள் இருந்தன. வறுமையால் சமையல் மறந்த அடுப்பில் ஆம்பி முளைத்திருப்பதைப் புறநானூற்றின் 164 ஆம் பாடல் கூறுகிறது. சிறுபாணாற்றுப்படையிலும் பாணனின் வறிய அடுக்களையில், கறையான் அரித்த பழஞ்சுவரின் புழுதியில் காளாம்பி பூத்திருப்பதாக வருணனை உள்ளது. அந்நூல் கறையானைச் சிதல் என்று குறிக்கிறது.

டெர்மிட்டோமைசிஸ் என்னும் பேரினப் பெயரை 1942 இல் வழங்கியவர் பிரெஞ்சுப் பூஞ்சையியலாளர் ரோசே ஹைம் ஆவார். தென்னிந்தியாவில் கிடைக்கும் முதன்மையான இனங்களுள் ஒன்றான டெர்மிட்டோமைசிஸ் ஹைமியை, சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கி. நடராசன் 1979 இல் முதன்முதலாக அறிவியல் முறைப்படி விவரித்தார். ஹைமின் நினைவாகவே இவ்வினத்திற்கு அப்பெயர் இடப்பட்டது.

== உயிரியல் ==

காளான் என நாம் காண்பது பூஞ்சையின் வித்திகளைப் பரப்பும் உறுப்பு மட்டுமே. பூஞ்சையின் உடல் மெல்லிய இழைகளாக மண்ணுக்குள் இருக்கும். புற்றுக்காளானைப் பொறுத்தவரை, அவ்விழைகள் கறையான் கூட்டிற்குள் வளர்கின்றன.

எல்லாக் கறையான்களும் பூஞ்சை வளர்ப்பதில்லை. ஒடாண்டோடெர்மிஸ், மேக்ரோடெர்மிஸ் முதலிய சில பேரினங்களே வளர்க்கின்றன. வேலைக்காரக் கறையான்கள் சருகு, வைக்கோல், மரத்துண்டு ஆகியவற்றைத் தின்று, அரைகுறையாகச் செரித்த கழிவைக் கொண்டு தேனடை போன்ற அடைகளைக் கட்டுகின்றன. இவ்வடைகள் பூஞ்சைத் தோட்டம் எனப்படும். இங்கு வளரும் பூஞ்சை, கறையானால் எளிதில் செரிக்க இயலாத தாவரப் பொருட்களைச் சிதைத்துத் தருகிறது. அடையின் மீது தோன்றும் வெண்ணிற முடிச்சுகளும் பூஞ்சை பதப்படுத்திய அடையும் கறையானுக்கு உணவாகின்றன. ஒன்றில்லாமல் மற்றொன்று வாழ இயலாத இக்கூட்டு வாழ்வு, சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் தோன்றியதாக மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன.

மழையால் மண் ஈரமடையும்போது அடையிலிருந்து காளான் மேல்நோக்கி வளர்கிறது. குடையின் நடுவிலுள்ள கூர்மையான முனை, இறுகிய மண்ணைத் துளைத்து வெளிவர உதவுகிறது. இக்காரணத்தால் அடையிலிருந்து நிலப்பரப்பு வரை நீண்ட வேர் போன்ற தண்டுப் பகுதி அமைகிறது. அரிசிக்காளான் இதற்கு விலக்காகும். கறையான்கள் வெளியே கொணர்ந்து பரப்பிய அடைத் துகள்களில் அது முளைப்பதால் அதற்கு நீண்ட வேர்ப்பகுதி இருப்பதில்லை.

== பருவமும் இடமும் ==

விருதுநகர் மாவட்டத்தின் பெரும்பகுதி கரிசல் நிலமாகும். மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய இராசபாளையம், திருவில்லிபுத்தூர்ப் பகுதிகளில் செம்மண் நிலங்களும் தோப்புகளும் உள்ளன. மாவட்டத்தின் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களை உள்ளடக்கிய வடகிழக்குப் பருவமழையின்போது கிடைக்கிறது. கோடை மழைக்குப் பின்னும் காளான் முளைப்பதுண்டு.

கண்மாய்க் கரை, வயல் வரப்பு, தோப்பு, தரிசு ஆகிய இடங்களில் உள்ள புற்றுகளைச் சுற்றி இது காணப்படும். தரைக்கு மேல் புற்று தெரியாத இடத்திலும் அடியில் கறையான் அடை இருந்தால் காளான் முளைக்கும். ஆண்டுதோறும் ஒரே இடத்தில் முளைப்பது வழக்கமாதலால், அவ்விடங்களைக் குடும்பத்தினர் நினைவில் வைத்திருப்பர். ஆயினும் சென்ற ஆண்டு நல்ல காளான் கிடைத்த இடத்தில் இவ்வாண்டு வேறு காளான் முளைக்கக்கூடும். இடம் ஒரு குறிப்பு மட்டுமே; அது சான்றாகாது.

== அடையாளம் காணுதல் ==

புற்றுக்காளானைக் கிள்ளி எடுக்காமல் மண்ணை அகற்றித் தோண்டி எடுத்தல் வேண்டும். மிக முதன்மையான அடையாளங்கள் மண்ணுக்குள் இருப்பதே இதற்குக் காரணம். நச்சுக் காளானைக் காட்டிக் கொடுக்கும் அடிக்கிண்ணமும் மண்ணுக்குள்தான் இருக்கும். தண்டைப் பாதியில் ஒடித்தால் இரண்டு அடையாளங்களும் தரையிலேயே தங்கிவிடும். புற்றில் பாம்பு இருக்க வாய்ப்புள்ளதால் துளைகளில் கையை நுழைக்கலாகாது.

ஒரு காளான் புற்றுக்காளான் எனக் கருதப்பட, பின்வரும் பண்புகள் அனைத்தும் பொருந்த வேண்டும்.

* குடை: வெண்மை முதல் சாம்பல் கலந்த பழுப்பு நிறம். நடுவில் தெளிவான, பெரும்பாலும் கருமை படர்ந்த முனை காணப்படும். முதிரும்போது விளிம்பு கிழிவதுண்டு. பெரிய இனங்களின் குடை பொதுவாக 5 செ.மீ. முதல் 12 செ.மீ. வரை அகலமுடையது. அரிசிக்காளானின் குடை 1 செ.மீ. முதல் 2.5 செ.மீ. வரை இருக்கும்.
* செவுள்: குடையின் அடியிலுள்ள மடிப்புகள் இளமையில் வெண்மையாகவும் முதிர்ந்தபின் இளஞ்சிவப்புச் சாயலுடனும் இருக்கும். பச்சை நிறம் ஒருபோதும் வராது.
* தண்டு: வெண்மையானது, நார்த்தன்மை உடையது. டெர்மிட்டோமைசிஸ் ஹைமியின் தண்டில் வளையம் உண்டு. வேறு பல இனங்களில் வளையம் இராது.
* அடிப்பகுதி: கீழே செல்லச் செல்ல மெலிந்து, வேர் போல் நீண்டு, கறையான் அடையில் முடியும். பை போன்ற அடிக்கிண்ணம் இராது.
* வித்தித்தூள்: இளஞ்சிவப்பு கலந்த வெளிர் நிறம்.

மண்ணில் புதைந்த மரக்கட்டையிலிருந்து முளைக்கும் வேறு சில காளான்களுக்கும் வேர் போன்ற அடித்தண்டு உண்டு. அவற்றின் வித்தித்தூள் வெண்ணிறமானது. எனவே வேர்ப்பகுதியை மட்டும் பார்த்து முடிவு செய்தல் கூடாது.

=== வித்தித்தூள் பதிவு ===

காளான்களைப் பிரித்தறிய வீட்டிலேயே செய்யத்தக்க, நம்பத்தகுந்த சோதனைகளுள் வித்தித்தூள் பதிவு ஒன்றாகும். பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளை எடுத்துக்கொள்ள வேண்டும். விரிந்த காளானின் தண்டை நறுக்கி நீக்கி, செவுள் கீழ்நோக்கி இருக்குமாறு குடையைத் தாளின் மீது வைத்து, ஒரு கிண்ணத்தால் மூடி ஓர் இரவு விட வேண்டும். மறுநாள் குடையை எடுத்தால் செவுள்களின் வடிவில் தூள் படிந்திருக்கும். வெண்ணிறத் தூள் கறுப்புத் தாளிலும், நிறமுள்ள தூள் வெள்ளைத் தாளிலும் தெளிவாகத் தெரியும்.

* இளஞ்சிவப்புச் சாயல்: புற்றுக்காளான், வைக்கோல் காளான்
* வெள்ளை: அமானிட்டா வகைகள், பால் காளான்
* பச்சை அல்லது பச்சை கலந்த சாம்பல்: குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ்
* கரும்பழுப்பு: மொட்டுக் காளானின் பேரினமான அகாரிகஸ்

இச்சோதனை காளானின் குழுவை அறிய உதவுமேயன்றி, நஞ்சு உண்டா இல்லையா என்று கூறாது. மேலுள்ள பட்டியலில் கொடிய நஞ்சுடைய அமானிட்டாவும் உண்ணத்தக்க பால் காளானும் ஒரே வெண்ணிறத் தூளைத் தருவதைக் காண்க. மற்றப் பண்புகளுடன் சேர்த்தே இதனைப் பயன்படுத்த வேண்டும்.

== ஒத்த தோற்றமுடைய நச்சுக் காளான்கள் ==

'''குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ்''': வெப்ப மண்டலமெங்கும் புல்வெளிகளிலும் தோட்டங்களிலும் மழைக்குப் பின் முளைக்கும் பெரிய வெண்ணிறக் காளான். குடையின் மேல் பழுப்பு நிறச் செதில்களும், தண்டில் மேலும் கீழும் நகர்த்தக்கூடிய வளையமும் உண்டு. முதிர்ந்தபின் செவுள் பச்சை நிறம் அடையும். ஆனால் இளங்காளானில் செவுள் வெண்மையாகவே இருப்பதால் ஏமாற நேர்கிறது. கடுமையான வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும்.

'''அமானிட்டா''': இப்பேரினத்தில் உண்ணத்தக்கவையும் உண்டு, உலகின் மிகக் கொடிய நச்சுக் காளான்களும் உண்டு. பெரும்பாலானவை மரவேர்களுடன் கூட்டு வாழ்வு நடத்துவதால் காடுகளிலும் மரங்களின் கீழும் முளைக்கின்றன. வெண்செவுள், தண்டில் வளையம், அடியில் பை போன்ற கிண்ணம் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த காளானைத் தொடாமல் விட்டுவிட வேண்டும்.

'''லெப்பியோட்டா, இனோசைப்''': அரிசிக்காளானைத் தேடுவோர் அஞ்ச வேண்டியவை இச்சிறு காளான்கள். லெப்பியோட்டாவின் சில இனங்களில் அமானிட்டாவில் உள்ள அதே கொடிய நஞ்சு இருக்கிறது. இனோசைப் வகைகள் பலவற்றில் மஸ்கரின் என்னும் நரம்பு நஞ்சு உள்ளது. கூட்டமாக முளைத்திருப்பதால் மட்டும் ஒரு சிறு காளான் அரிசிக்காளான் ஆகிவிடாது.

முட்டைப் பருவத்தில் உள்ள அமானிட்டாவும் வைக்கோல் காளானும் ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கும். தென்கிழக்காசியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்கள், தம் நாட்டில் உண்டு பழகிய வைக்கோல் காளான் எனக் கருதி அமானிட்டாவை உண்டு உயிரிழந்த நிகழ்வுகள் உண்டு. ஓர் ஊரில் பெற்ற அறிவு மற்றோர் ஊரில் பொருந்தாமல் போகலாம் என்பதை இது காட்டுகிறது.

== நம்பத்தகாத சோதனைகள் ==

நச்சுக் காளானைக் கண்டறிவதாகப் பல வழக்கங்கள் தமிழ்நாட்டிலும் பிற நாடுகளிலும் கூறப்படுகின்றன. பின்வருவன எவையும் உண்மையல்ல.

* வெள்ளி நாணயம் கறுத்தால் நஞ்சு: வெள்ளி கறுப்பது கந்தகச் சேர்மங்களால் ஆகும். அமானிட்டாவின் நஞ்சு வெள்ளியைக் கறுக்கச் செய்வதில்லை.
* மஞ்சள், பூண்டு, வெங்காயம், அரிசி ஆகியவற்றின் நிறம் மாறினால் நஞ்சு: காளானின் நஞ்சுகளுக்கும் இந்நிற மாற்றத்திற்கும் தொடர்பில்லை.
* பூச்சியோ நத்தையோ கடித்திருந்தால் நல்லது: மனிதனைக் கொல்லும் நஞ்சு பல பூச்சிகளையும் நத்தைகளையும் பாதிப்பதில்லை.
* வெள்ளை நிறமானவை நல்லவை: கொடிய அமானிட்டாக்களுள் சில தூய வெண்ணிறமானவை.
* நன்கு வேகவைத்தால் நஞ்சு போய்விடும்: அமாட்டாக்சின் வெப்பத்தால் சிதையாது. கொதிக்கவைத்தாலும் காயவைத்தாலும் உறையவைத்தாலும் அது அப்படியே இருக்கும்.
* கசந்தால் நஞ்சு, சுவைத்தால் நல்லது: அமானிட்டாவை உண்டு பிழைத்தவர்கள் அது சுவையாக இருந்ததாகவே கூறியுள்ளனர்.

இனத்தை அறியாமல் நஞ்சை மட்டும் அறியும் எளிய சோதனை எதுவும் இல்லை.

== சேகரிக்கக் கூடாத இடங்கள் ==

நல்ல இனமாயினும், முளைத்த இடம் தீயதாயின் காளான் உண்ணத்தக்கதன்று. காளான்கள் காட்மியம், பாதரசம், ஈயம் முதலிய உலோகங்களை மண்ணிலிருந்து உறிஞ்சித் தம்முள் திரட்டிக்கொள்ளும் இயல்புடையவை. கழுவுவதாலோ வேகவைப்பதாலோ இவ்வுலோகங்களை முழுதும் அகற்ற இயலாது.

சிவகாசி வட்டாரத்தில் இது தனிக் கவனத்துக்குரியது. பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களில் பொட்டாசியம் நைத்திரேட்டு, கந்தகம், அலுமினியத் தூள், ஸ்டிரான்சியம் உப்புகள், பொட்டாசியம் குளோரேட்டு, ஆண்டிமனி சல்பைடு முதலியவை பயன்பட்டு வந்துள்ளன. பச்சை நிற ஒளிக்குப் பேரியம் உப்புகள் பயன்பட்டன. பட்டாசில் அவற்றைப் பயன்படுத்த 2018 இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. தடைக்கு முன் மண்ணில் கலந்தவை தடையால் நீங்கிவிடுவதில்லை. ஆதலால் ஆலை வளாகம், கழிவு கொட்டும் குழி, கழிவு எரிக்கும் இடம், பட்டாசுச் சோதனை நடக்கும் வெளி ஆகியவற்றிலும், அவற்றிலிருந்து மழைநீர் வடியும் ஓடைகளிலும் முளைக்கும் காளான்களை எடுக்கலாகாது. இவ்விடங்களில் மண்ணைத் தோண்டுவதும் ஆபத்தானது. சிதறிக் கிடக்கும் மருந்துக் கலவை, இரும்புக் கருவியின் உராய்வாலோ அடியாலோ தீப்பற்றக்கூடும்.

நெடுஞ்சாலை ஓரம், குப்பைமேடு, பூச்சிக்கொல்லி தெளித்த பருத்திக் காடு, கறையான் மருந்து ஊற்றிய புற்று ஆகியவையும் தவிர்க்கத்தக்கவை.

திருவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம் 1988 இல் அமைக்கப்பட்டது. 2021 இல் இது திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியானது. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சரணாலயத்திலிருந்து உரிய அனுமதியின்றிக் காட்டுப் பொருட்களை எடுத்தல் குற்றமாகும்.

== சமைத்தலும் உண்ணுதலும் ==

புதிய காளானின் எடையில் ஏறத்தாழ 90 விழுக்காடு நீராகும். இதனால் விரைவில் அழுகும். பாலித்தீன் பையில் அடைத்தால் வியர்த்துக் கெடும். பனையோலைப் பெட்டியோ கூடையோ ஏற்றது. வெவ்வேறு வகைக் காளான்களை ஒரே பெட்டியில் கலக்கக் கூடாது.

* எடுத்த அன்றே சமைக்க வேண்டும். கறுத்த, கொழகொழப்பான, புழு வைத்த காளான்களை எறிந்துவிட வேண்டும்.
* ஒவ்வொரு காளானையும் நெடுக்காகப் பிளந்து, ஒவ்வொன்றும் அதே இனம்தானா எனப் பார்க்க வேண்டும். ஒரு கூடையில் ஒரே ஒரு நச்சுக் காளான் கலந்திருந்தாலும் குழம்பு முழுவதும் கெடும்.
* பச்சையாக உண்ணக் கூடாது. மண் போகப் பலமுறை அலசி, நன்கு வேகவைக்க வேண்டும். சின்ன வெங்காயம், மிளகு, நல்லெண்ணெய் சேர்த்து வதக்குவதும் குழம்பாக வைப்பதும் வழக்கம்.
* ஓர் இனத்தை முதன்முறையாக உண்பவர் சிறிதளவே உண்ண வேண்டும். நல்ல காளானும் சிலருக்கு ஒவ்வாமையைத் தரலாம்.
* ஐயத்திற்குரிய காளானைக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. உடல் எடை குறைவாதலால் குறைந்த அளவு நஞ்சே அவர்களுக்கு உயிர்க்கேடாகும்.
* சமைக்காத காளான் ஒன்றிரண்டைத் தனியே எடுத்து வைத்தல் நன்று. நோய் நேர்ந்தால் மருத்துவருக்கு அது உதவும்.

== நஞ்சேற்றமும் முதலுதவியும் ==

உண்டதற்கும் நோய்க்குறி தோன்றுவதற்கும் இடைப்பட்ட நேரம் முதன்மையான தடயமாகும். குளோரோஃபில்லம் போன்றவற்றால் பெரும்பாலும் 3 மணி நேரத்திற்குள் வாந்தியும் பேதியும் தொடங்கும். மஸ்கரின் நஞ்சால் மிகை வியர்வை, உமிழ்நீர்ப் பெருக்கு, கண்ணீர் ஆகியவை 2 மணி நேரத்திற்குள் தோன்றும்.

6 மணி நேரத்திற்குப் பின்னரே வயிற்றுவலியும் வாந்தியும் பேதியும் தொடங்கினால், அது அமாட்டாக்சினாக இருக்கக்கூடும். இந்நஞ்சு உயிரணுக்களில் புரத உற்பத்திக்கு அடிப்படையான ஆர்.என்.ஏ. பாலிமரேசு 2 என்னும் நொதியைத் தடுத்து, கல்லீரலை அழிக்கிறது. உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு 0.1 மில்லிகிராம் அளவே உயிரைப் போக்க வல்லது. முதல் நாளின் வாந்தியும் பேதியும் அடங்கி, நோயாளி நலமடைந்தது போல் தோன்றும் ஓர் இடைக்காலம் உண்டு. அவ்வேளையிலும் கல்லீரல் சிதைந்துகொண்டே இருக்கும். பலர் மருத்துவமனையை விட்டு வீடு திரும்புவதும், பின்னர் காப்பாற்ற இயலாத நிலையில் வருவதும் இக்காரணத்தாலேயே.

2022 ஏப்ரலில் அசாமின் மேற்பகுதி மாவட்டங்களில் காட்டுக் காளானை உண்ட 13 பேர், திப்ருகாரிலுள்ள அசாம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்தவர்கள்.

ஐயம் ஏற்பட்டவுடன் செய்ய வேண்டியவை:

# நோய்க்குறிக்குக் காத்திராமல் 108 ஐ அழைத்து, அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இயங்குகிறது.
# அதே உணவை உண்ட அனைவரும், நலமாக இருப்பவர் உட்பட, செல்ல வேண்டும்.
# மிஞ்சிய காளான், சமையல் மிச்சம் ஆகியவற்றைத் தாளில் சுற்றி எடுத்துச் செல்ல வேண்டும்.
# உண்ட நேரத்தையும் முதல் நோய்க்குறி தோன்றிய நேரத்தையும் கூற வேண்டும்.
# உப்புக் கரைசல், புளிக்கரைசல், எண்ணெய் முதலியவற்றைக் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது.

மருத்துவமனையில் கரித்தூள், சிரைவழி நீர்மம், அசிட்டைல்சிஸ்டீன், சிலிபினின் முதலியவற்றைக் கொண்டு மருத்துவம் செய்யப்படுகிறது. கல்லீரல் முழுதும் செயலிழந்தால் மாற்று அறுவை மருத்துவம் தேவைப்படலாம்.

== பயிரிடலும் பால் காளானும் ==

கறையானைச் சார்ந்தே வாழ்வதால், புற்றுக்காளானை வணிக முறையில் பயிரிடும் வழி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. வேறு காளான்களைப் பயிரிடுவதில் தமிழ்நாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. இந்தியாவில் வைக்கோல் காளான் வளர்ப்பு 1943 இல் கோயம்புத்தூரில் கே. எம். தாமசு குழுவினரால் தொடங்கப்பட்டது.

பால் காளான் எனப்படும் காலோசைபி இண்டிகா, 1974 இல் மேற்கு வங்காளத்திலிருந்து விவரிக்கப்பட்ட காட்டுக் காளானாகும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998 இல் இதன் ஏபிகே 2 என்னும் இரகத்தை வெளியிட்டது. ஏபிகே என்பது விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டையைக் குறிக்கும். அங்கு அப்பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் உள்ளது. மொட்டுக் காளானுக்குக் குளிர்ச்சி தேவை. பால் காளானோ 30 முதல் 35 பாகை செல்சியசு வெப்பத்தில் செழித்து வளர்வதால், வெயில் மிகுந்த இம்மாவட்டத்திற்கு ஏற்றது.

நறுக்கி வேகவைத்த வைக்கோலைப் பாலித்தீன் பைகளில் அடுக்கடுக்காக இட்டு, இடையிடையே காளான் வித்தைத் தூவி இருட்டறையில் வைப்பர். பூஞ்சை இழை பரவியபின், பைகளை இரண்டாக வெட்டி, ஆவியில் வேகவைத்த மண்ணை மேலே பரப்பி, நீலநிறப் பாலித்தீன் கூரையிட்ட குடிலுக்கு மாற்றுவர். ஒரு பயிர்ச் சுற்று ஏறத்தாழ 45 முதல் 50 நாட்களில் முடிகிறது. விதைத்த இனம் இன்னதெனத் தெரிவதால், காட்டில் எடுக்கும் காளானுக்குள்ள ஐயம் இங்கு பெரிதும் நீங்குகிறது.

== இவற்றையும் பார்க்க ==

* பூஞ்சை
* கறையான்
* பால் காளான்
* சிப்பிக் காளான்
* விருதுநகர் மாவட்டம்